ஆவுளியாவைத் திருடியவர்

சைரன் அலறியது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வீரிட்டார்கள். ஒரு பெண்மணி கைப்பையை இறுக்கிக்கொண்டு எழுந்தார். மைக்கேல்சாமி தன் மகள் ஜெனிஷாவின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார். அவர் கத்தாரில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர். சைரன் கேட்டால் வாசலைத் தேட வேண்டும் என்று அந்த ஊரில் பழக்கியிருந்தார்கள்.

மேடையில் காப்பாட்சியர் முனைவர் செம்மல் மைக்கைத் தட்டினார்.

"யாரும் பதற்றப்பட வேண்டாம். சைரன் முன்கூட்டியே ஒலித்துவிட்டது. தலைவர் இன்னும் வரவில்லை. அவர் வந்து, குத்துவிளக்கு ஏற்றி, வாழ்த்துரைகள் முடிந்த பிறகே குற்றம் நடைபெறும். அதுவரை அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

மக்கள் மறுபடி உட்கார்ந்து குற்றத்துக்காகக் காத்திருந்தார்கள்.

புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகிற சாலையில் உயிர்வள அறிவியல் கழகம் நடத்தும் இயற்கை வரலாற்றுக் காட்சியகம் இருக்கிறது. வருஷம் முழுக்கப் பகலில் திறந்திருக்கும், யாரும் போவதில்லை. ஒரே ஒரு நாள், பூட்டுகிற நேரத்துக்குப் பிறகு திறப்பார்கள். அன்றைக்கு நிற்க இடம் இருக்காது. அந்த நாளுக்கு 'மர்ம மாலை' என்று பெயர். காட்சியகத்தில் ஒரு பொருள் காணாமல் போகும். பெற்றோரும் பிள்ளைகளும் பூதக்கண்ணாடியோடு தடயம் தேடி, அறிவியல் முறைப்படி திருடனைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற பள்ளிக்குக் கேடயம்.

வராத பிள்ளைக்குச் செய்முறை மதிப்பெண் கிடையாது என்று அறிவியல் ஆசிரியை சரண்யா வாட்ஸப்பில் போட்டிருந்தார். பெற்றோரில் ஒருவர் கூட வந்தே ஆக வேண்டும். அதனால் ஆவூரிலிருந்து அப்பாவும் மகளும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

மைக்கேல்சாமிக்கு மதிப்பெண்ணைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பழைய கம்பெனி ஆட்குறைப்பு செய்து அனுப்பிவிட்டது. இப்போது வேறொரு கம்பெனி கிரேன் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறது. இந்த ஆள் மேல் எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் ஒரு சான்றிதழ் கொடுத்தால் விமானம் ஏறிவிடலாம். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அந்த கிரேனில் வேறொருவர் ஏறிவிடுவார். விண்ணப்பம் ஸ்டேஷனில் கிடக்கிறது. இவர் போகும்போதெல்லாம் எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். இன்றைக்கு அந்த எஸ்.ஐ. மேடையில் சிறப்பு விருந்தினர். மைக்கேல்சாமி முதல் வரிசையில் இடம் பிடித்ததற்கு அறிவியல் ஆர்வம் காரணமல்ல.

அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பைக்குள் புது ஷூ. பயணத்துக்காக வாங்கியது, காலுக்குப் பழகட்டும் என்று போட்டுக்கொண்டு வந்திருந்தார். குத்துவிளக்கு ஏற்றுகிற இடம் என்பதால் செருப்பு எல்லாவற்றையும் வாசலிலேயே விடச் சொல்லிவிட்டார்கள். அங்கே இருநூறு ஜோடிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. அந்தக் குவியலில் புது ஷூவை விட அவருக்கு மனம் வரவில்லை. கழற்றிப் பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டார்.

வாட்ச்மேன் சார்லஸ் மட்டும் அதைக் கவனித்தார். தொளதொளவென்று காக்கிச்சட்டை போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர். அவருடைய காவல் கூண்டுக்குள் ஒரு பித்தளைக் கேடயத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்.

"ஷூவ இங்கிட்டே விட்ருங்கண்ணே," என்றார். "தொலைஞ்சாலும் தொலைஞ்சுட்டுப் போகுது. உள்ள கையில வச்சிருக்கிறது நல்லால்ல."

மைக்கேல்சாமி சிரித்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே நாற்றம் அடித்தது. ஏதோ ஒரு மூலையிலிருந்து வந்தால் தள்ளி உட்காரலாம். இது நாலு பக்கமும் இருந்து வந்தது. மழையில் நனைந்த கருவாட்டை மெத்தைக்குள் வைத்துத் தைத்ததுபோல் ஒரு வாடை. முதலையின் வாயிலிருந்து பஞ்சு தொங்கியது. அந்தப் பஞ்சுக்குள் எறும்புகள் குடியிருந்தன. கண்ணாடிக் குடுவைகளில் மருந்து வற்றிப்போனதால் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். அதற்குள் பாம்புகள் கரைந்து, குடுவைகள் ஆறிப்போன டீ நிறத்தில் இருந்தன. ஒரு மயிலுக்குத் தலை இல்லை. தலை இருந்த இடத்தில் 'தொடாதீர்' என்று அட்டை செருகியிருந்தது.

நடுவே சில மேடைகள் வெறுமையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. 'வரையாடு. துப்புத் துலக்கப்பட்டது.' 'கழுதைப்புலி. துப்புத் துலக்கப்பட்டது.' 'கரடி. துப்புத் துலக்கப்பட்டது.'

"கண்டுபிடிச்சுட்டாங்கன்னா ஏம்ப்பா திரும்ப வைக்கல?" என்று ஜெனிஷா கேட்டாள். துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்ததால் அவள் குரல் அமுங்கி வந்தது.

மைக்கேல்சாமி எஸ்.ஐ.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டிய பிறகு தலைவர் பிச்சைமுத்து வந்தார். மாவட்டத்தில் அவருக்கு ஏழு கல் குவாரிகள். மலைகளோடு இத்தனை நெருக்கமான பழக்கம் வேறு யாருக்கும் இல்லை என்பதால் உயிர்வள அறிவியல் கழகத்துக்கு அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். தலைவருக்குப் பொன்னாடை. எஸ்.ஐ.க்குப் பொன்னாடை. சரண்யா டீச்சருக்கு முறை வந்தபோது பொன்னாடை தீர்ந்துவிட்டது. எஸ்.ஐ. தோளில் கிடந்ததை உருவி அவருக்குப் போர்த்திப் படம் எடுத்துவிட்டு, மறுபடி எஸ்.ஐ.க்கே போர்த்தினார்கள்.

தலைவர் பேசினார்.

"நான் சின்னப் பயலா இருந்தப்ப இந்தப் பக்கம் நரி இருந்துச்சு. மயிலு இருந்துச்சு. அந்தா, அங்கிட்டு ஒரு மலை இருந்துச்சு. இப்ப நரியும் இல்ல, மலையும் இல்ல. அதுனாலதான் சொல்றேன், அருங்காட்சியகம் ரொம்ப அவசியம்."

பலத்த கைதட்டல். தலைவரைத் தொடர்ந்து செம்மல் பேசினார். இங்கே வீசுகிற மணத்தைச் சிலர் குறை சொல்வதாகக் கேள்விப்பட்டதாகவும், இயற்கை என்றால் மணம் இருக்கத்தான் செய்யும் என்றும், மூக்கை மூடுகிறவர்கள் அறிவியலுக்கு எதிரானவர்கள் என்றும் சொன்னார். நாலைந்து பேர் கையை மூக்கிலிருந்து எடுத்தார்கள்.

பிறகு குற்றம் நடைபெற்றது. விளக்குகளை அணைத்தார்கள். இப்போது சைரன் ஒலிக்கவில்லை. செம்மல் மைக்கில் வாயாலேயே ஒலித்தார். விளக்கு வந்தது, திரை விலகியது. பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்று காலியாக இருந்தது.

மீமிசல் கடலில் எப்போதோ வலையில் சிக்கிச் செத்த கடற்பசு அந்தப் பெட்டியில்தான் கிடந்தது. மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். உள்ளே தேங்காய் நார் அடைத்து, தோலைத் தைத்து வைத்திருந்தார்கள். காட்சியகத்தின் மதிப்புமிக்க உடைமை அதுதான் என்று வாசல் பலகையே சொன்னது. இப்போது பெட்டியின் அடியில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறை மட்டும் ஆவுளியாவின் வடிவத்தில் படிந்திருந்தது. திரையை விலக்கியதும் முதல் வரிசை முழுவதும் ஒரு முறை குமட்டியது.

"ஆவுளியாவைக் காணவில்லை," என்று செம்மல் அறிவித்தார். "அறிவியல் தன் வேலையைத் தொடங்கட்டும்."

முதலில் ரத்தக்கறைச் சோதனை. திருடனின் கையில் கறை இருந்தால் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டதும் சிவக்கும் என்றார்கள். எல்லாரும் வரிசையில் நின்று கையை நனைத்தார்கள். எல்லாருடைய கையும் சிவந்தது. கூட்டத்துக்குச் சற்று முன்புதான் தொன்னையில் எலுமிச்சைச் சாதம் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் விரலில் ஒட்டியிருந்தது. இருநூறு திருடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் அப்பாவைப் போலீஸ் பிடித்துவிடும் என்று ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். மேடையில் இருந்தவர்கள் முந்திரியும் பாதாம்பாலும் சாப்பிட்டிருந்ததால் அவர்கள் நிரபராதிகள்.

செம்மல் தலைவரோடு கலந்து பேசிவிட்டு மைக்குக்கு வந்தார். சோதனை முழு வெற்றி என்றும், முடிவை மட்டும் கழகம் ஏற்கவில்லை என்றும் அறிவித்தார்.

தேடிப் பார்த்ததில் சிவக்காத கையும் கீழே ஒன்றே ஒன்று இருந்தது. நாற்றத்தில் மைக்கேல்சாமிக்குச் சாதம் இறங்கவில்லை. தொன்னையைத் தொடாமலே வைத்துவிட்டார். செம்மல் அவர் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கழுவிட்டீங்களா?" என்று கேட்டார்.

இரண்டாவது தடயம் காலடி. காலிப் பெட்டிக்கு முன்னால் கோலமாவு தூவி, அதில் ஒரு ஷூவின் தடம் பதித்து வைத்திருந்தார்கள். யாருடைய காலணியோடு அது பொருந்துகிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பூதக்கண்ணாடியோடு குனிந்தார்கள். எல்லாரும் வெறுங்காலில் நின்றார்கள். இதைக் கழகம் எதிர்பார்த்திருக்கவில்லை. எல்லாரும் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வரலாமா என்று சரண்யா டீச்சர் கேட்டார். விளக்கு எரியும் இடத்தில் அது ஆகாது என்று தலைவர் சொல்லிவிட்டார்.

இந்தக் குழப்பத்தில் மைக்கேல்சாமிக்கு வயிற்றைப் புரட்டியது. மகளை டீச்சரிடம் விட்டுவிட்டுப் பின்கதவு வழியாக ஓடினார். வெளியே ஒரே கருவேல முள். ஷூவைப் போட்டுக்கொண்டு தள்ளிப் போய், ஒரு குழியின் ஓரம் குனிந்தார்.

குழிக்குள் ஆவுளியா கிடந்தது.

கதவிலிருந்து வந்த வெளிச்சம் அதன் முதுகில் விழுந்தது. தோல் வெடித்து, நார் பிதுங்கி, பச்சைப் பூஞ்சை பூத்திருந்தது. ஒரு துடுப்பு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு நாய் நக்கிப் பார்த்துவிட்டு, தும்மிவிட்டுப் போனது. பக்கத்தில் போன வருஷத்துக் கரடியின் கால் ஒன்றும் மக்கிக் கிடந்தது. மைக்கேல்சாமி வயிற்றில் இருந்ததையெல்லாம் அங்கேயே விட்டார்.

ஷூவைக் கழற்றக்கூட மறந்து திரும்பி வந்து, செம்மலின் காதோரம் போய் மரியாதையாகச் சொன்னார்.

"சார், ஒங்க ஆவுளியா பின்னாடி குழியில கெடக்கு சார்."

நியாயமாகப் பார்த்தால் அவர்தான் வெற்றியாளர். செம்மலின் முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. இவர் தோளில் கைபோட்டு அலுவலக அறைக்குக் கூட்டிப் போனார். அங்கே தலைவர் காலை நீட்டிப் பாதாம்பால் குடித்துக்கொண்டிருந்தார். செம்மல் குனிந்து விஷயத்தைச் சொன்னார். தலைவர் மைக்கேல்சாமியை ஒரு நாற்காலியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, செம்மலிடமே பேசினார்.

"அடுத்த வாரம் மெட்ராஸ்லேருந்து தணிக்கைக்கு வாரான். அழுகிப் போச்சுன்னு சொன்னா, கூரை ஏன் ஒழுகுச்சு, மருந்து ஏன் வைக்கல, யாரு பொறுப்புன்னு நம்மளக் கேப்பான். காணாமப் போச்சுன்னா, எவன் எடுத்தான்னு மட்டும்தான் கேப்பான். அந்தக் கூத்துக்காரன் வந்துட்டானா?"

திருடனாக நடிக்க ஏற்பாடு செய்திருந்த நாடகக்காரர் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டதாகச் செம்மல் சொன்னார். இருவரும் ஒரே நேரத்தில் மைக்கேல்சாமியின் ஷூவைப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் இருந்த ஒரே ஷூ அதுதான்.

அதற்குப் பிறகு தலைவரின் குரலில் தேன் ஒழுகியது. ஊர் எது, பிள்ளை என்ன படிக்கிறது என்று விசாரித்தார். சின்ன நாடகம்தான், மைக்கில் ரெண்டு வரி சொன்னால் போதும் என்றார். போலீஸ் சான்றிதழ் விஷயம் இவர் வாயிலிருந்து விழுந்ததும் தலைவர் தொடையைத் தட்டினார்.

"அட, எஸ்.ஐ. நம்ம ஆளுய்யா. விழா முடியட்டும், இன்னைக்கே பேசிப்புடுறேன்."

எத்தனை நாள் ஸ்டேஷன் வாசலில் நின்றாலும் கிடைக்காத வாக்கு அது. மைக்கேல்சாமி சரி என்றார்.

கோலமாவில் இருந்த தடம் இவர் ஷூவோடு பொருந்தவில்லை. அதனால் அந்தத் தடத்தை அழித்து, புதிதாக மாவு தூவி, இவரை மிதிக்கச் சொன்னார்கள். இப்போது அச்சாகப் பொருந்தியது. தலைவரின் பேத்தி படிக்கிற பள்ளி அதைக் கண்டுபிடித்தது.

ஜெனிஷா மேடை ஓரத்துக்கு ஓடி வந்தாள்.

"நீங்க எதுக்குப்பா திருடன்?"

"நாடகம் பாப்பா. சும்மா," என்றார் மைக்கேல்சாமி. "நம்ம காரியம் ஒண்ணு முடியுது."

மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். செம்மல் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தார். ஆவுளியாவை நான்தான் எடுத்தேன் என்றார் மைக்கேல்சாமி. யாரும் தூண்டவில்லை என்றார். கடத்தி விற்றுவிட்டேன் என்றார். சொந்தப் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் சொல்லச் சொன்னபோது மட்டும் சற்றுத் தயங்கினார்.

"நாடகத்துக்கு அப்பா பேரு எதுக்கு சார்?"

"அறிவியல்ல துல்லியம் முக்கியங்க," என்றார் செம்மல்.

ஆவூர் சூசை மகன் மைக்கேல்சாமி என்று ஒலிபெருக்கி இலுப்பூர் சாலை வரைக்கும் சொன்னது. கூட்டம் முழுக்க செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்தது. எஸ்.ஐ. தோளில் கிடந்த அதே பொன்னாடையை உருவி இவருக்குப் போர்த்தினார்கள். பித்தளையில் ஒரு கேடயமும் கொடுத்தார்கள். 'சிறந்த திருடர்' என்று அதில் பொறித்திருந்தது. எங்கேயோ பார்த்த கேடயம்போல் இருந்தது அவருக்கு.

தலைவர் நிறைவுரை ஆற்றினார். மற்ற ஊர்களில் திருட்டு நடந்த பிறகுதான் திருடனைத் தேடுகிறார்கள். நம் கழகம் அந்தத் தாமதத்தை ஒழித்திருக்கிறது என்றார். நாட்டுப்பண் பாடினார்கள். கூட்டம் வாசலுக்குப் போய்ச் செருப்புக் குவியலில் விழுந்து புரண்டது.

மைக்கேல்சாமி கேடயத்தோடு எஸ்.ஐ.யிடம் போனார். மாலையில் இவர் வணக்கம் வைத்தபோது "வாங்க, உக்காருங்க" என்றவர் எஸ்.ஐ.

"வாப்பா," என்றார் இப்போது. "தலைவர் சொன்னாரு. ஒம்மேல கேஸ் இல்லன்னு எழுதித் தரணும், அவ்வளவுதான?"

"ஆமாங்க சார்."

"எப்படிப்பா எழுதுறது? இப்பத்தான இருநூறு பேரு முன்னாடி ஒத்துக்கிட்ட."

மைக்கேல்சாமி சிரித்தார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. மைக்கேல்சாமி செம்மலைத் தேடினார், செம்மல் காலிப் பெட்டிக்குள் ஒரு பலகையை நிறுத்திக்கொண்டிருந்தார். 'ஆவுளியா. துப்புத் துலக்கப்பட்டது.' வண்ணம் நன்றாகக் காய்ந்திருந்தது. முன்பே எழுதி வைத்த பலகை.

குழியை வந்து பாருங்கள் சார், ஆவுளியா அங்கேதான் கிடக்கிறது என்று மைக்கேல்சாமி கெஞ்சினார். எஸ்.ஐ. நல்ல மனிதர், கூடவே வந்தார். பின்கதவைத் திறந்தபோது தலைவரின் குவாரியிலிருந்து வந்த ஜேசிபி குழியின் மேல் கடைசி வாளி ஜல்லித்தூளைக் கொட்டிச் சமன் செய்துகொண்டிருந்தது. மேலே ஒரு வேப்பங்கன்றை நட்டிருந்தார்கள். தலைவர் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். படம் எடுத்தார்கள்.

"நாடகம்னு சொன்னீங்களே சார்," என்றார் மைக்கேல்சாமி.

தலைவர் கையை வேட்டியில் துடைத்தார்.

"கழகம் ஒன்னயக் கைவிடாது தம்பி. ஜாமீன் கொஞ்ச நாள்ல ஆயிரும். வெளிநாடெல்லாம் இனிமே எதுக்கு? இங்க ஒரு வேலை போட்டுத் தாரோம்."

சரண்யா டீச்சர் பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றினார். ஜெனிஷா ஏற மறுத்தாள். துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, அப்பாவைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் அவளுக்கு முழு மதிப்பெண் போடுவதாகச் சொல்லித் தூக்காத குறையாக ஏற்றினார். வேன் போனது. எஸ்.ஐ. ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு வாசலில் சிகரெட் பற்ற வைத்தார்.

மைக்கேல்சாமி பொன்னாடையும் கேடயமுமாகக் கூண்டோரம் நின்றார். செருப்புகள் எல்லாம் போய்விட்டன. புது ஷூவில் கோலமாவும் ஜல்லித்தூளும் அப்பியிருந்தன. சட்டையிலிருந்து இன்னும் அந்த நாற்றம் வந்தது. வாட்ச்மேன் சார்லஸ் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தார். பானைக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த பித்தளையின் விளிம்பு பளபளத்தது. மைக்கேல்சாமி அதையும், தன் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜீப் விளக்கு திருப்பத்தில் தெரிந்தது. சார்லஸ் காக்கிச்சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறக்க எழுந்தார்.

"போன வருஷம் கரடி காணாமப் போன அன்னைக்கு, நானும் மகனக் கூட்டிக்கிட்டுத்தாண்ணே வந்தேன்."